கூரை போட்ட வள்ளம்

செப்டம்பர் 10, செவ்வாய்
மேற்கிலிருந்து கச்சான் காற்று. காலை பத்துக்கு மேல் பலம்.

இருபத்தாறு வருஷம் தோணியில் ஓடியவன் நான். கடைசிப் பதினொரு வருஷம் தண்டல். கப்பலுக்குக் கேப்டன் எப்படியோ, தோணிக்குத் தண்டல் அப்படி. அந்த நாட்களில் காற்றையும் நீரோட்டத்தையும் நோட்டில் எழுதாமல் சாப்பிட உட்கார்ந்ததில்லை. கரையோடு நின்ற பிறகு அந்தப் பழக்கம் விட்டுப்போனது. இன்று தூத்துக்குடியில் மறுபடி ஒரு நோட்டு வாங்கினேன். வள்ளத்துக்குக் கூரை போடப் போகிறேன், அளவுகளை எழுதிவைக்க வேண்டும். வேறு காரணம் ஒன்றும் இல்லை.

என் மனைவி ஜெசிந்தாளுக்குச் செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ். எங்கள் சங்குத்திட்டிலிருந்து உப்பளம் வழியாக டவுனுக்கு ஒரு மண்பாதை இருந்தது. போன வருஷத்து மழை அதை அறுத்துக்கொண்டு போய்விட்டது, இன்னும் யாரும் வந்து பார்க்கவில்லை. அப்போதிலிருந்து என் பதினெட்டடி ஃபைபர் வள்ளம்தான் அவளுக்கு ஆம்புலன்ஸ். உப்பங்கழியில் கொஞ்ச தூரம், உப்பளப் பாலத்துக்கு அடியில் நுழைந்தால் முகத்துவாரம், பிறகு கடலில் கரையோரமாக முக்கால் மணி நேரம். டவுனில் அவள் அக்கா வீட்டில் இரண்டு மாதம் வைத்துப் பார்த்தோம். அடுத்தவர் கட்டிலில் கிடந்து சாகமாட்டேன் என்று சண்டை போட்டுக்கொண்டு வந்துவிட்டாள்.

கையில் ரத்தக்குழாய் சரியாக அமையாததால் கழுத்தில் குழாய் வைத்திருக்கிறார்கள். அந்தக் கட்டின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் படக் கூடாது. வெயிலுக்குக் குடை பிடிக்கலாம். கடல் தெறிப்புக்கு எதைப் பிடிப்பது?

ஆகஸ்டில் அவளுக்குக் குளிர்காய்ச்சல் வந்து பதினொரு நாள் வார்டில் கிடந்தாள். ஏன் வந்தது என்று டாக்டர் சொன்னார். அதை இங்கே எழுத வேண்டியதில்லை.

இன்று திரும்பும் வழியில் சொன்னாள்: "மழை தொடங்கிட்டுன்னா நான் வரமாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்."

"வராம?"

"வராமத்தான்."

மழைக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது.

செப்டம்பர் 13, வெள்ளி
கச்சான். முகத்துவாரத்தில் அலை.

பாலத்தின் உயரம் அளந்தாயிற்று. ஊருக்குக் குடிதண்ணீர் டவுனிலிருந்துதான் வருகிறது. திரும்பும்போது இருபது கேன் ஏற்றிக்கொண்டு வருவோம். அப்படி வரும்போது பாலத்துக்கு அடியில் வள்ளத்தை நிறுத்தி, மூங்கிலை நிமிர்த்தி, அடையாளம் போட்டுக்கொண்டேன். கடல் நன்றாக ஏறிய நேரம் பார்த்துத்தான் அளந்தேன். கழி நிரம்பி நிற்கும்போது நுழைந்தால் வற்றும்போது தானாக நுழையும்.

ஜெசிந்தாளின் தம்பி கிளாடுவின் ஃபைபர் வள்ளங்களுக்கு ஒட்டுப்போடுகிறவன். கூரை வேலைக்கு அவன்தான் துணை. வந்ததும் வராததுமாக உயரத்தில் தகராறு.

"அத்தான், அக்கா உக்காந்துதான வாரா. ஒரு அடி கொறைச்சிருவோம். காத்துக்கும் நல்லது."

"நான் நின்னுதான் ஓட்டுவேன்."

"உக்காந்து ஓட்டுனா என்னவாம்?"

உட்கார்ந்து வள்ளம் ஓட்டுவது கரைவலைக்காரன் வேலை. தண்டல் நின்றுதான் சுக்கான் பிடிப்பான், எதிரே என்ன வருகிறது என்று பார்ப்பான். இதையெல்லாம் இவனுக்கு விளக்கிக்கொண்டிருக்க முடியாது. என் தலைக்கு மேல் ஒரு சாண் விட்டு உயரத்தை முடிவு செய்தேன். பாலத்துக்கும் கூரைக்கும் நாலு விரல் இடைவெளி இருக்கும். போதும்.

செப்டம்பர் 17, செவ்வாய்
டாக்டர் சொன்னபடி தண்ணீரை அளந்து குடி என்று ஜெசிந்தாளைத் திட்டினேன். ஊருக்கெல்லாம் தண்ணீர் சுமக்கிறவர் வீட்டில் அரை டம்ளருக்குக் கணக்கா என்றாள்.

செப்டம்பர் 21, சனி
காற்று குறைவு. புழுக்கம்.

டீக்கடையில் செய்தி பரவிவிட்டது. எங்கள் ஊரில் கூரையோடு தண்ணீரில் இறங்குவது ஒரே ஒரு வள்ளம். திருநாளன்று மாதா சுரூபத்தை ஏற்றிக் கழியைச் சுற்றி வருவோமே, அந்தச் சப்பரம். அதை வைத்து ஊர்க்காரன் ஜெர்வாசி கேலியை ஆரம்பித்தான். வாயை மூடினால் அவனுக்குத் தாடை வலிக்கும்.

"தண்டலாரே, சப்பரம் என்னைக்குப் புறப்பாடு? மேளத்துக்குச் சொல்லியாச்சா?"

சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். டீயை முழுக்கக் குடிக்காமல் வந்துவிட்டேன்.

செப்டம்பர் 28, சனி
வெயில். கூரை வார்க்க நல்ல நாள்.

தரையில் பிளைவுட்டை லேசாக வளைத்துக் கட்டி, அதன்மேல் வழவழப்பாக ஏதாவது விரிக்க வேண்டும். இல்லையென்றால் ஃபைபர் பலகையோடு ஒட்டிக்கொள்ளும். கிளாடுவின் தன் மகள் கல்யாணத்து ஃபிளெக்ஸ் பேனரைக் கொண்டுவந்தான். அதை விரித்து, மெழுகு தடவி, கண்ணாடியிழை மேட்டை அடுக்கி, ரெசினை பிரஷ்ஷால் குத்திக் குத்தி ஏற்றினோம். நடுவில் பழைய ஐஸ்பெட்டித் தெர்மாகோல் பலகை வைக்கப் பார்த்தோம். ரெசின் பட்டதும் அது கரைந்து போயிற்று. பிறகு மெல்லிய மரச்சட்டங்கள் வைத்தோம்.

ஒருமுறை நான் ரெசினை இறுக்கும் ஹார்டனரைக் கை போன போக்கில் ஊற்றிவிட்டேன். வாளி புகைய ஆரம்பித்தது. கிளாடுவின் அதை அப்படியே தூக்கி மணலில் வீசினான். "அத்தான், அவசரப்பட்டா எரிஞ்சிரும்" என்றான். எனக்கு அவசரமே இல்லை என்றேன். அடுத்த வாளிக்கு ரெசின் ஊற்றும்போது பாதியை மணலில் கொட்டிவிட்டேன். பட்டினியாக வேலை பார்த்ததால் இருக்கும்.

அக்டோபர் 1, செவ்வாய்
வடக்கே மேகம். பொய் மேகம்தான்.

அக்டோபர் 3, வியாழன்
கூரையைப் பலகையிலிருந்து பெயர்த்தோம். எட்டடி நீளம், நாலரை அடி அகலம், ஒரு வெடிப்பு இல்லை. ஆனால் ரெசின் சூட்டில் பேனரின் சாயம் முழுக்கக் கூரையின் அடிப்பக்கம் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. மாலையும் கழுத்துமாக மாப்பிள்ளையும் பெண்ணும், பக்கத்தில் பத்துப் பன்னிரண்டு சொந்தக்காரர்களின் சின்னச் சின்ன முகங்கள். தேய்த்துப் பார்த்தோம், போகவில்லை.

ஜெசிந்தாள் வந்து குனிந்து அண்ணாந்து பார்த்தாள். "இதுக்குக் கீழ நான் உக்காந்து போனா, பந்தியில உக்காத்தி வச்சிட்டு எல்லாரும் வேடிக்கை பாக்குற மாதிரில்லா இருக்கும்" என்று சிரித்தாள். மூச்சு வாங்கும்வரை சிரித்தாள். ஆகஸ்டுக்குப் பிறகு இன்றுதான் அவள் சிரித்துப் பார்க்கிறேன். சாயம் அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

அக்டோபர் 6, ஞாயிறு
பூசை முடிந்து வந்தால் வீட்டில் தையல் மெஷினைக் காணோம். ஜெசிந்தாள் அதைக் கிளாடுவின் மனைவி ரோஸிலிக்குக் கொடுத்துவிட்டாளாம். நூல் பெட்டி, கத்தரிக்கோல், எல்லாமே.

"கண்ணு தெரியமாட்டேங்குது. அவளாவது தைக்கட்டும்."

நல்லதுதான். அந்த மூலையில் ரெசின் டின்களை வைத்துக்கொள்ளலாம்.

அக்டோபர் 12, சனி
காற்று திரும்புகிறது. வாடை தலைகாட்டுகிறது.

நாலு எஸ்.எஸ். பைப் கால்கள், கூரை, முன்பக்கம் கண்ணாடித்தாள் திரை, எல்லாம் பொருத்தியாயிற்று. தூரத்திலிருந்து பார்க்க லட்சணமாகத்தான் இருக்கிறது.

இடுப்பளவுத் தண்ணீரில் வைத்து ஆட்டிப் பார்த்தேன். ஒரு பக்கமாக ஏறி நின்றால் வள்ளம் சாய்கிறது. சாயட்டும், எல்லா வள்ளமும் சாயும். ஆனால் நிமிர்ந்து வர முன்னைவிட ஒரு மூச்சு நேரம் அதிகம் எடுக்கிறது. அந்த ஒரு மூச்சில் கூரைக் காலைப் பிடித்துக்கொண்டேன். மூன்று தடவை செய்து பார்த்தேன், மூன்று தடவையும் பிடித்துக்கொண்டேன். அந்த இடத்தில் அவள் உட்கார்ந்திருப்பாள்.

"ஒரு அடி கொறைச்சா இது இருக்காது அத்தான்" என்றான் கிளாடுவின்.

நேரமில்லை என்று சொன்னேன்.

அக்டோபர் 15, செவ்வாய்
மழை. வாடை மிதம்.

விடிந்தபோதே வீட்டு ஓட்டில் மழைச் சத்தம். அவள் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். புடவை மாற்றவில்லை. நான் கதவுக்குப் பக்கத்தில் நின்றேன். அவள் திரும்பிப் பார்த்தாள்.

"மழைன்னா வரமாட்டேன்னு சொன்னேன்லா."

"மழை ஒம்மேல விழுந்தாத்தான ஏட்டி மழை. வந்து பாரு. ஒரு சொட்டு விழுந்தா பாதியில திருப்பிருவேன்."

என் முகத்தைப் பார்த்தாள். பிறகு எழுந்தாள். எனக்காகத்தான் எழுந்தாள் என்று தெரிந்தது. கூரை போட்டவன் மனம் நோகக் கூடாது என்று நினைத்திருப்பாள்.

ஒரு சொட்டு விழவில்லை. முகத்துவாரத்தில் காற்று கூரையைப் பிடித்துத் தூக்கப் பார்த்தது, கால்கள் முனகின. நான் நின்றபடி ஓட்டினேன். சுக்கானை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். நல்லவேளை, அவள் முன்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

அக்டோபர் 19, சனி
ரேஷன் கார்டு எங்கே, ஆதார் எங்கே, மண்ணெண்ணெய் அடுப்புத் திரி எங்கே என்று ஜெசிந்தாள் ஒவ்வொன்றாகக் காட்டினாள். ரசத்துக்கு மிளகு எவ்வளவு என்றும் சொன்னாள்.

"எனக்கு எதுக்குட்டி இதெல்லாம்?"

"சும்மா தெரிஞ்சு வைங்க."

கோழிகளைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டாள். சத்தம் தாங்கவில்லையாம். எங்கள் கோழிகள் அப்படி ஒன்றும் சத்தம் போடுகிறவை இல்லை.

நவம்பர் 1, வெள்ளி
அமாவாசை. கடல் ஏற்றம் பெரிது. மழை விட்டிருந்தது.

சகல புனிதர்கள் திருநாள். டவுன் கோயிலுக்குப் போக மூன்று பெண்கள் நம் வள்ளத்தில் ஏறிக்கொண்டார்கள். கூரைக்குக் கீழே கல்யாணப் படத்தைக் காட்டிக் காட்டி ஒரே சிரிப்பு. மாப்பிள்ளையின் மீசை ஒருபக்கம் அழிந்துபோனதை யாரோ கண்டுபிடித்தார்கள்.

பாலத்தில் நுழையும்போது கூரைக்கும் கான்கிரீட்டுக்கும் இடையில் கையை விட்டுப் பார்த்தேன். இரண்டு விரல்தான் போயிற்று. நாலு விரல் இருக்க வேண்டும், நானே அளந்தது. யாருக்கும் தெரியாதபடி கையை இழுத்துக்கொண்டேன். டவுன் போய்ச் சேரும்வரை முதுகில் வியர்வை ஓடிக்கொண்டே இருந்தது.

நவம்பர் 2, சனி
கல்லறைத் திருநாள். அவள் அம்மாவின் கல்லறையைச் சுத்தம் செய்து பூ வைத்து மெழுகுதிரி ஏற்றினோம். பக்கத்தில் காலியாக இருந்த இடத்தில் முளைத்திருந்த புல்லையும் அவளே குனிந்து பிடுங்கினாள். மூச்சு வாங்குகிறது, விடு என்றேன். சுத்தமா இருக்கட்டும் என்றாள்.

நான் வேறு பக்கம் திரும்பி ஜெர்வாசியோடு மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 5, செவ்வாய்
போய்வந்தோம். வற்ற நேரம் என்பதால் பாலத்தில் தொந்தரவில்லை.

கூரைக் கால்களை அறுத்துக் குறைக்க வேண்டும். கிளாடுவினிடம் சொன்னால் அரைநாள் வேலை. மழை கொஞ்சம் விடட்டும், சொல்கிறேன்.

நவம்பர் 8, வெள்ளி
மழை விட்டிருந்தது. சொல்லவில்லை.

நவம்பர் 12, செவ்வாய்
வாடை மிகப் பலம். துறைமுகத்தில் மூன்றாம் எண் புயல் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள்.

இந்தக் காற்றில் யாரும் போக முடியாது. போகவில்லை. வார்டு நர்சுக்குப் போன் செய்தேன். நல்ல பிள்ளை, பதறாமல் பேசினாள். "ஒரு தடவை விட்டா சமாளிச்சிரலாம் ஐயா. தண்ணி கொறைங்க, பழம் குடுக்காதீங்க. ஆனா வெள்ளிக்கெழமை எப்படியாவது கூட்டிட்டு வந்துருங்க. ரெண்டாவது தடவை விடவே கூடாது."

ஜெசிந்தாளிடம் முதல் பாதியை மட்டும் சொன்னேன்.

நவம்பர் 13, புதன்
அவள் முகம் வீங்கியிருக்கிறது. காலில் விரலால் அமுக்கினால் குழி அப்படியே நிற்கிறது. படுத்தால் மூச்சுத் திணறுகிறது என்று உட்கார்ந்தே கண்ணயர்கிறாள். மழை நிற்கவில்லை. எஞ்சினுக்குப் பிளக் மாற்றினேன், தேவையில்லாமல்.

நவம்பர் 14, வியாழன்
பயமாக இருக்கிறது.

நவம்பர் 15, வெள்ளி
பௌர்ணமி. காற்று இறங்கிவிட்டது. மழை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். உள்ளே மெஷின் ஓடுகிறது. நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும் என்று இருக்கிறது.

ஏழரை மணிக்குக் கிளம்பினோம். சீக்கிரம் போக வேண்டும், எஞ்சினுக்குப் பாரம் கூடாது என்று காலிக் கேன்களைக்கூட ஏற்றவில்லை. நானும் அவளும் மட்டும்தான். பிளாஸ்டிக் நாற்காலியில் கூரைக்கு நடுவில் அவளை உட்காரவைத்து, கழுத்தைச் சுற்றிப் பாலித்தீன் போட்டு, அதன்மேல் துண்டு சுற்றியிருந்தேன். கழி இரு கரையும் முட்ட நிரம்பிக் கிடந்தது. மேலே உப்பளங்களிலிருந்து மழைத்தண்ணீர் கலங்கலாக வந்துகொண்டிருக்க, எதிரே கடல் ஏற்றம் அதை வெளியே விடாமல் தடுத்து நின்றது. இப்படி ஒரு தண்ணீர் மட்டத்தை இந்தக் கழியில் நான் பார்த்ததில்லை.

புதுத்தண்ணீருக்கு மீனும் இறாலும் பாலத்தடியில் கூடும். ஊரில் பாதிப்பேர் அங்கேதான், பாலத்தின் மேலும் கரையிலும் வீச்சுவலையோடு நின்றார்கள். ஜெர்வாசி இருந்தான். கிளாடுவினும் இருந்தான்.

வேகத்தைக் குறைத்துக்கொண்டு போனேன். கூரையின் முன்விளிம்பு பாலத்தில் முட்டி நின்றது. சின்னச் சத்தம்தான். எனக்கு அது நெஞ்சுக்குள் கேட்டது. முன்னால் போய் அளந்தேன். மூன்று விரல் அதிகம். மூன்று விரல் உயரமான கூரையோடு உலகத்தில் எங்கேயும் போகலாம், இந்தப் பாலத்துக்கு அடியில் மட்டும் போக முடியாது.

அப்போதுதான் உறைத்தது. நான் மூங்கில் பிடித்து அளந்த அன்று வள்ளத்தில் இருபது கேன் தண்ணீர் இருந்தது. பாரம் ஏறிய வள்ளம் அமுங்கி நிற்கும், காலி வள்ளம் எழும்பி நிற்கும். இருபத்தாறு வருஷம் பாரம் ஏற்றி இறக்கிய தோணிக்காரனுக்கு இதை யார் சொல்லித்தர வேண்டும்? என் தலை இடிக்காமல் நிற்க வேண்டும் என்ற ஒரே நினைப்பில் அளந்திருக்கிறேன்.

பெட்டியிலிருந்து இரும்பறுக்கும் ஆக்ஸா பிளேடை எடுத்துக் கூரைக் காலை அறுக்க ஆரம்பித்தேன். எஸ்.எஸ். பைப், சும்மா வழுக்கியது.

"என்ன செய்யுதீங்க?"

"கூரைய எடுத்துருதேன்."

"கொட்டுற மழையில என்னைய உக்காத்தி வச்சிட்டு கூரைய எடுப்பீங்களாக்கும்? அப்ப எதுக்குக் கட்டுனது?"

பிளேடைப் போட்டேன். கழித்தண்ணீரை வாளியால் வள்ளத்துக்குள் ஊற்றினால் வள்ளம் அமுங்கும் என்று தோன்றியது. வாளியைக் கையில் எடுத்தேன். கலங்கல் தண்ணீர், சாக்கடையும் செத்த மீனும் கலந்தது, அவள் காலடியில் தளும்பப் போகிறது. என் கை வரவில்லை.

ஏன் வரவில்லை என்பதை இப்போது எழுதிவிடுகிறேன். ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி திரும்பும்போது கச்சான் பேயாக அடித்தது. "காத்து எறங்கட்டும், ரெண்டு மணி நேரம் இருந்துட்டுப் போவோம்" என்று அவள் மூன்று தடவை சொன்னாள். கரையில் நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தண்டல் காற்றுக்குப் பயந்து உட்கார்ந்திருந்தான் என்று பேசுவார்களே என்று நான் கிளப்பினேன். முகத்துவாரத்தில் ஒரு அலை உடைந்து அவள் மேல் தலையோடு விழுந்தது. கழுத்துக் கட்டு ஊறிப்போயிற்று. அதில்தான் கிருமி ஏறியது என்று டாக்டர் சொன்னார். அவள் அதைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

வாளியை வைத்துவிட்டு அவளைப் பார்த்தேன். உதடு நீலம் பூத்திருந்தது. வாயால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். அலையில் பாய்மரம் ஒடிந்தபோதும், மினிக்காய்த் தீவருகே தோணி தண்ணீர் குடித்தபோதும் நான் இப்படிப் பயந்ததில்லை. நான் சொல்லக் கூடாததைச் சொன்னேன்.

"திரும்பிருவோமா ஜெசி?"

அவள் அண்ணாந்து கூரையைப் பார்த்தாள். அந்த அரை மீசை மாப்பிள்ளையையும் அத்தனை முகங்களையும் பார்த்தாள். எத்தனை நாளாக இந்த வார்த்தைக்குக் காத்திருந்தாளோ, இப்போது தலையை ஆட்டிவிடப் போகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. வீட்டுக்குப் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வாள். தையல் மெஷினைக் கொடுத்தாயிற்று, கோழியைக் கொடுத்தாயிற்று, புல்லும் பிடுங்கியாயிற்று. இதெல்லாம் எனக்கு முன்பே தெரியும். தெரியாததுபோல எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன்.

"அன்னைக்கு மூணு பொம்பளைய ஏறுனாள்வளே" என்றாள் மெதுவாக. "அன்னைக்கு நொழைஞ்சிச்சுல்லா?"

"எது?"

"வள்ளம்."

நான் விளங்கிக்கொள்வதற்குள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டாள். அந்த மூச்சை வைத்துக்கொண்டு எங்கிருந்துதான் அந்தக் குரல் வந்ததோ!

"ஏ ஜெர்வாசி! ஏ கிளாடுவின்! பாத்துக்கிட்டு நிக்கியளே, வலையப் போட்டுட்டு வந்து ஏறுங்கல எல்லாரும்!"

"எதுலக்கா ஏறச் சொல்லுதிய? சப்பரத்துலயா?" என்று மேலிருந்து கத்தினான் ஜெர்வாசி. பழக்கதோஷம்.

"ஆமா, சப்பரத்துலதான். சாமி போவணும், தூக்க ஆளு இல்ல. வால!"

அவன் முகத்தில் சிரிப்பு நின்றுபோனது. கிளாடுவினுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. வலையைத் தூக்கி எறிந்துவிட்டு ஓடிவந்தான். வள்ளத்தைக் கரையில் அணைத்தேன். முதலில் கிளாடுவின், அடுத்தது ஜெர்வாசி, அவன் மச்சினன், வலை அலசிக்கொண்டிருந்த இரண்டு பெண்கள். ஒவ்வொருவராக ஏறித் தரையில் குந்தினார்கள். நான் கூரையின் மேல் கையை வைத்துக்கொண்டே இருந்தேன். ஏழு பேர் ஏறியதும் இன்னும் ஒரு விரல் அதிகம். ஒன்பது பேர் ஏறியதும் கூரை பாலத்தைத் தொட்டும் தொடாமலும் நின்றது. உப்பளக் காவல்காரர் ஒருவர், எங்கள் ஊரே இல்லை, மழைக்கு ஒதுங்கி நின்றவர், "நான் நல்ல கனம்" என்று சொல்லிக்கொண்டு வந்து ஏறினார். அவரோடு பத்து. நிஜமாகவே நல்ல கனம்.

எஞ்சினை அணைத்துவிட்டேன். இரண்டு பக்கமும் இருந்தவர்கள் கையை நீட்டிப் பாலத்துத் தூண்களைப் பிடித்து, உள்ளங்கையால் தள்ளித் தள்ளி வள்ளத்தை நகர்த்தினார்கள். கூரை உரசியது. பெயின்ட் சுருள் சுருளாக உரிந்து என் தோளில் விழுந்தது. நடுவில் ஓரிடத்தில் மாட்டிக்கொண்டது. "எல்லாரும் ஒருக்கா அமுக்கி உக்காருங்க" என்றார் காவல்காரர். அமுக்கி உட்கார்ந்தார்கள். வள்ளத்தின் விளிம்புக்கும் தண்ணீருக்கும் ஒரு சாண்கூட இல்லை. எனக்குக் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. மூடவில்லை.

வெளியே வந்தோம். மழை முகத்தில் அடித்தது. அந்தப் பக்கக் கரையில் எல்லோரும் இறங்கினார்கள். கிளாடுவின் கடைசியாக இறங்கினான். ஒரு அடி என்று அவன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "பாத்துப் போங்க அத்தான்" என்றான்.

ஜெசிந்தாள் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். கழுத்துத் துண்டைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தது.

"ஏட்டி, ஆகஸ்டுல..." என்று ஆரம்பித்தேன்.

"ரோட்டப் பாத்து ஓட்டுங்க" என்றாள். கடலில் ஏது ரோடு? நான் உட்கார்ந்து ஓட்டினேன். உட்கார்ந்தாலும் எதிரே நன்றாகத்தான் தெரிகிறது.

இன்னும் ஒரு மணி நேரத்தில் மெஷினை நிறுத்துவார்கள். நர்ஸ் வந்து வீக்கம் வடிகிறது என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நவம்பர் 17, ஞாயிறு
வாடை லேசு. வெயில் தெரிகிறது.

கிளாடுவின் வந்து நாலு கால்களிலும் ஒரு அடி அறுத்தான். ஆட்டிப் பார்த்தோம். சாய்ந்தவுடன் நிமிர்கிறது. நின்று ஓட்ட முடியாது, நின்றால் மண்டை இடிக்கும். பின்பக்கம் எனக்கு ஒரு பலகை அடித்துக் கொடுத்தான்.

உரசிய இடத்தில் கூரைக்கு மறுபடி ரெசின் பூச வேண்டும். அடிப்பக்கத்துப் படங்கள் அப்படியே இருக்கின்றன.

ஜெசிந்தாள் சொல்லி எழுதிக்கொண்டவை: நாற்காலிக்கு மெத்தை உறை தைக்கத் துணி, இரண்டு மீட்டர், சாயம் போகாதது. நீல நூல். ரோஸிலியிடம் கேட்டுத் தையல் மெஷினைத் திருப்பி எடுத்து வர வேண்டும்.